முட்டி வீக்கம் வடிந்துவிட்டால் போதுமா?



பேரா மாநிலத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். செம்பனைக் குலை வெட்டும் அவருடைய மகனுக்கு வயது 22. ஆறு மாதங்களுக்கு முன் தோட்டத்துத் திடலில் பந்து விளையாடியபோது, ஓடிய வேகத்தில் சட்டென்று திரும்பியிருக்கிறான். முட்டிக்குள் 'டக்'கென்று ஒரு சத்தம். அன்று மாலைக்குள் முட்டி தேங்காயளவு வீங்கிவிட்டது. எண்ணெய் தேய்த்து உருவிவிட்டார்கள். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது, வலியும் போனது, வேலைக்கும் போய்விட்டான். ஆனால், மேட்டுக்காட்டில் குலையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது முட்டி நழுவிக் கால் வாரிவிடுகிறதாம். இரண்டு முறை விழுந்தும் விட்டான். பட்டணத்து டாக்டரோ அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளச் சொல்கிறார். "முட்டியில் கத்தி வைத்தால் காலை மடக்கவே முடியாது, நொண்டியாகி விடுவான் என்று லயத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?" என்று கேட்கிறார் அந்தத் தாயார்.

அம்மா, உங்கள் பயம் நியாயமானதே. பதில் சொல்லுமுன் முட்டி எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்போம்.

தொடை எலும்பு மேலே, கால் எலும்பு கீழே. இரண்டையும் இழுத்துக் கட்டி வைத்திருப்பவை நான்கு நார்கள். டாக்டர்கள் இவற்றை 'லிகமென்ட்' என்பார்கள். நம் ஜனங்கள் 'ஜவ்வு' என்பார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நார்களும், மூட்டுக்குள்ளே பெருக்கல் குறிபோல் குறுக்கே பின்னிய இரண்டு நார்களும் உண்டு. முன்னால் மூடிபோல் இருப்பதுதான் முழங்கால் சில்லு. அது வெறும் மூடியன்று. கிணற்றுக் கயிற்றுக்குக் கப்பி எப்படியோ, அப்படித்தான் தொடைத் தசைக்குச் சில்லு. அது இருப்பதால்தான் நாம் பலமாகக் காலை நீட்டவும் படியேறவும் முடிகிறது.

ஊன்றிய கால் நிலைத்திருக்க, உடம்பு மட்டும் திரும்பினால், குறுக்கு நார்களில் முன்னாலுள்ளது அறுந்துபோகலாம். 'டக்'கென்ற சத்தமும், சில மணி நேரத்துக்குள் வந்த வீக்கமும், பிறகு கால் வாரிவிடுவதும் பெரும்பாலும் இதன் அடையாளங்களே. அந்த வீக்கம் மூட்டுக்குள் கசிந்த இரத்தம். அது வடிவது இயற்கை. ஆனால் இரத்தம் வடிந்ததனால் அறுந்த நார் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தமில்லை. நமது தோட்டப்புற மக்களில் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பக்கத்து நார் ஓய்விலும் பட்டையிலும் பெரும்பாலும் தானே ஆறிவிடும். முழுதும் அறுந்த முன் குறுக்கு நாரோ தானாகச் சேர்வது அரிது.

சில்லுக்கு வரும் ஆபத்து வேறு விதம். மோட்டார் சைக்கிளிலிருந்தோ கால்வாய்ப் பலகையிலிருந்தோ முட்டி தரையில் மோத விழுந்தால் சில்லு உடையலாம். படுத்த நிலையில் காலை நீட்டியபடி தூக்க முடியவில்லையென்றால் உடனே எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். உடைந்த துண்டுகள் விலகாதிருந்தால் சில வாரம் கட்டுப் போட்டாலே போதும். விலகியிருந்தால் கம்பியால் சேர்த்துக் கட்டுவார்கள். முற்காலத்தில் சில்லையே எடுத்துவிடுவதுண்டு. அதனால் கால் நீட்டும் பலம் குறைந்துபோவதால், இப்போது முடிந்தவரை அதைக் காப்பாற்றவே பார்க்கிறார்கள்.

இனி, அறுவைச் சிகிச்சைக்கு வருவோம். அறுந்த முன் குறுக்கு நாரைப் பெரும்பாலும் தைப்பதில்லை. நோயாளியின் சொந்தக் காலிலிருந்தே ஒரு தசைநாணை எடுத்து, சிறு துளைகள் வழியாக நாரின் இடத்தில் பொருத்துகிறார்கள். எல்லாருக்கும் இது கட்டாயமில்லை. உட்கார்ந்து வேலை செய்கிறவர் பயிற்சியினாலேயே சமாளிக்கலாம். ஆனால் சரிவில் சுமை தூக்குகிறவருக்குக் கால் வாரிவிடும் ஒவ்வொரு தடவையும், எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் உள்ள சவ்வு நசுங்கிக் கிழியக்கூடும். பின்னாளில் அது மூட்டுத் தேய்மானத்தில் கொண்டுபோய் விடும். அறுவை செய்தாலும் தேய்மான பயம் அடியோடு நீங்கிவிடாது. சீழ் பிடித்தல், இரத்தம் கட்டுதல், முட்டி இறுகிப்போதல் ஆகிய ஆபத்துகளும் உண்டு. இவற்றையெல்லாம் டாக்டரிடம் கேளுங்கள்; உங்கள் மகனையும் கேட்கச் சொல்லுங்கள். முடிவு அவனுடையதாக இருக்கட்டும்.

லயத்தில் சொல்வது முழுப் பொய்யன்று. அறுவைக்குப் பின் காலை மடக்க முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருடைய கதையை விசாரித்தால், வலிக்குப் பயந்து பயிற்சியை விட்டவர்களாக இருப்பார்கள். கத்தி செய்வது பாதி வேலை. மீதியை நாம்தான் செய்ய வேண்டும். முதல் சில வாரங்களில் காலை முழுதாக நீட்டப் பழகுவது மிக முக்கியம். பயிற்சியாளர் அனுமதித்த பின், முட்டியின் கீழ் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கி அதை அழுத்தி, ஐந்து எண்ணி விடலாம். பத்து தடவை செய்யலாம். ஊன்றுகோலோடு படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பழுதான கால் முதலில். குந்தி உட்காருவதும் பந்தியில் சம்மணமிடுவதும் வெகுநாள் பொறுத்தே வரும். சிலருக்கு முன்போல் வராமலும் போகலாம். ஆதலால் வீட்டில் நாற்காலிக் கழிவறைக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பொருத்திய புதிய நார் முதல் சில மாதங்களில் பலவீனமாகவே இருக்கும். அந்தச் சமயத்தில்தான் வலி போய், பையனுக்கு உற்சாகம் பிறக்கும். மறுபடியும் அதே ஏமாற்றம்! கடின வேலைக்குப் பல மாதங்களும், பந்து விளையாட்டுக்குக் குறைந்தது 9 மாதங்களும் காத்திருக்கத்தான் வேண்டும்.

பந்து பிரியர்களுக்குப் பிரேசில் நாட்டு ரொனால்டோவைத் தெரிந்திருக்கும். 1999 நவம்பரில் அவருடைய முழங்கால் சில்லின் கீழுள்ள தசைநாண் காயமுற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. ஐந்து மாதத்தில், 2000 ஏப்ரலில் திடலுக்குத் திரும்பினார். சில நிமிடங்களிலேயே, யாரும் இடிக்காமலே விழுந்தார். தசைநாண் முழுதும் அறுந்துபோயிற்று. பலர் அவர் கதை முடிந்தது என்றார்கள். மீண்டும் அறுவை, மாதக்கணக்கில் பயிற்சி. 2002 உலகக் கிண்ணப் போட்டியில் அவர் 8 கோல்கள் அடித்தார். இறுதி ஆட்டத்தின் இரண்டு கோல்களும் அவருடையவையே. பொறுமைக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

கடைசியாகச் சில வார்த்தைகள். முட்டியில் அடிபட்டால் முதல் இரண்டு நாள் உருவிவிடாதீர்கள், சூடும் வைக்காதீர்கள். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி ஓய்வு கொடுங்கள். கால் ஊன்ற முடியாவிட்டாலோ, முட்டி பூட்டிக்கொண்டாலோ, பாதம் குளிர்ந்து மரத்துப்போனாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வேலையிலோ, வேலைக்குப் போய் வரும் வழியிலோ விபத்து நேர்ந்தால் அன்றைக்கே நிர்வாகத்திடம் சொல்லுங்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டியது விதி. மருத்துவ விடுப்புச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அம்மா, வலி போனதைப் பார்த்து ஒருமுறை ஏமாந்தாயிற்று. அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும், இரண்டாம் முறை ஏமாறாமல் மகனைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவன் மறுபடி உறுதியாக நடமாடும் செய்தியோடு உங்கள் அடுத்த கடிதம் வரட்டும்.