பக்கத்துக் கொட்டகையில் என்ன இருக்கிறது?

1991ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் பிற்பகலில், சிலாங்கூர் மாநிலம் சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்துச் சிதறியது. 26 பேர் மாண்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அருகிலிருந்த வீடுகளும் சேதமுற்றன. இன்று நம் பள்ளிகளில் பணியாற்றும் இளம் ஆசிரியர்கள் பலர் அப்போது பிறந்திருக்கவும் மாட்டார்கள்.

அப்போது சட்டம் இல்லாமலில்லை. வெடிபொருள் சட்டம் 1957இலேயே இருந்தது. தீயணைப்புச் சேவைச் சட்டம் 1988இல் வந்தது. இருந்தும் பட்டாசு ஆலை குடியிருப்புக்கு அருகே இயங்கியது. பின்னர் 1994இல் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும், 1996இல் பெரும் தொழில் விபத்துக் கட்டுப்பாட்டு விதிமுறைகளும் வந்தன. இவ்விதிமுறைகளில் எனக்கு முதன்மையாகப் படுவது ஒன்றுண்டு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் அபாயப் பொருள்களை வைத்திருக்கும் நிறுவனம் அதனை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். பேரபாய நிலையமாக வகைப்படுத்தப்பட்டால், விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்பதை அக்கம்பக்கத்தாருக்கும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

ஆனால், 'குறிப்பிட்ட அளவுக்கு மேல்' என்ற சொற்றொடரில்தான் சிக்கலே இருக்கிறது. சாயக்கடையின் பின்கட்டும் பண்டிகைக் காலத்தில் பட்டாசு அடுக்கப்படும் கடைவீட்டு மாடியும் அந்த அளவை எட்டுவதில்லை. அவற்றைக் கவனிக்க வேண்டியவர்கள் ஊராட்சி மன்றத்தாரும் தீயணைப்பு மீட்புத் துறையினருமே. அவர்கள் எத்தனை கதவுகளைத்தான் தட்டுவார்கள்? அந்தக் கொட்டகையை அன்றாடம் கடந்து செல்பவர்கள் நம் பிள்ளைகள். எனவே, சிறு கிடங்காயினும் உள்ளே என்ன இருக்கிறது என்பதை வாசலில் எழுதி வைக்கும் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. வணிகர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

பெற்றோர்களே, தீபாவளிக்கு முன் கட்டிலடியில் பட்டாசுப் பெட்டி வைக்கும் வழக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். பட்டாசு மருந்தில் உயிர்வளியைத் தரும் வேதிப்பொருளும் கலந்தே இருக்கிறது. ஆதலால் ஈரச்சாக்கு போட்டு மூடினாலும் அது அணையாது. இதனை அறிவியல் பாடத்தில் மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்வதுண்டு.

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் எரிவாயுக் கலன்களையும் ஒருமுறை பார்த்து வரலாம். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். கலன்கள் காற்றோட்டமான வெளிப்புறத்தில் நிமிர்த்தி வைக்கப்பட்டுள்ளனவா, மாற்றுக் கலன் எங்கே இருக்கிறது எனப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தயங்காமல் கேளுங்கள். பள்ளி வேலிக்கு அப்பால் உள்ள கொட்டகையைப் பற்றியும் அதே கூட்டத்தில் ஊராட்சி மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதிவிடலாம்.