புதுமனையில் பொறுக்கலாகாத குறைகள்



புதிதாகக் கட்டிய வீட்டில் காணும் குறைகளைச் சகித்துக்கொண்டு குடியேறுவதா, அன்றிச் சீர்செய்த பின்னரே சாவியைப் பெறுவதா என்னும் சங்கடம், கிரகப்பிரவேசத்திற்கு முகூர்த்தம் குறித்துவிட்ட குடும்பங்கள் பலவற்றிற்கு நேர்கிறது. எங்கள் வளாகத்தில் அநேகர் ‘போனால் போகட்டும்’ என்று கையொப்பமிட்டதைக் கண்டு மனம் நொந்தே இதனை எழுதுகிறேன். கதவின் வர்ணம் சற்று மாறுபட்டிருப்பதையும், பூச்சு உலருங்கால் தோன்றும் மயிரிழை வெடிப்பையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் குளியலறைத் தளத்தின் வாட்டம் வடிகாலை நோக்காமல் வாயிற்படியை நோக்கி அமைந்திருக்குமாயின், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் புறப்பட்ட வெடிப்பு நாளுக்கு நாள் அகலுமாயின், மொட்டைமாடியில் தேங்கும் நீர் கான்கிரீட்டினுள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யுமாயின் (துருவேறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டையே பிளந்துவிடும்), அவற்றைத் தாட்சண்யத்தினால் ஏற்றுக்கொள்வது பெருஞ்செலவை நாமே வரவழைத்துக்கொள்வதாகும்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, அச்சட்டத்திற்கு உட்பட்ட கட்டடங்களில், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரிவிக்கப்படும் கட்டுமானக் குறைகளையும் வேலைத்தரக் குறைகளையும் 30 நாட்களுக்குள் மேற்கட்டணமின்றிச் சீர்செய்யும் கடமையைக் கட்டுநர்மீது சுமத்தியிருக்க, அதனை அறியாமலே பலர் மௌனம் சாதிக்கின்றனர். ஆதலின் மேஸ்திரியிடம் வாய்மொழியாக முறையிடுவதோடு நில்லாமல், குறைகளைப் புகைப்படத்துடன் தேதியிட்டு எழுத்து மூலம் தெரிவித்து, அதன் பிரதியைப் பத்திரப்படுத்துமாறு வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன்.

— அடுக்ககவாசி ஒருவர், தாம்பரம்