இவான்கொரோட் யாருடைய ஊர்?

சென்ற திங்கள் விடுதியில் இரவு உணவிற்குப் பிறகு ஒரு வாதம் மூண்டது. எல்லைத் தகராறுகளைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது நண்பர் ஒருவர், "எந்த மண் யாருக்கு உரியது என்பதை வரலாறே சொல்லிவிடும், புரட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை" என்றார். பலர் தலையசைத்தனர். உண்மையைச் சொல்வதானால் நானும் தலையசைத்தேன். மறுநாள் நூலகத்தில் உட்கார்ந்து ஓர் எல்லையூரின் வரலாற்றைப் புரட்டினேன். புரட்டி முடித்தபோது, முதல்நாள் இரவு தலையசைத்தது தவறு என்று பட்டது. ஏன் தவறு என்பதை அன்பர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த ஊரின் பெயர் இவான்கொரோட். ருஷ்யாவின் மேற்குக் கோடியில், பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில், நார்வா ஆற்றின் கீழ்க்கரையில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 10,000. மேல்கரையில் இருப்பது எஸ்தோனியா நாட்டைச் சேர்ந்த நார்வா நகரம். இரு கரையிலும் இரண்டு பழங்கோட்டைகள் கூப்பிடு தூரத்தில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. நடுவில் ஆறு. ஆற்றின்மேல் ஒரு பாலம். அதற்கு வைத்த பெயர் 'நட்புப் பாலம்'!

மேல்கரைக் கோட்டை மூத்தது. அதைத் தொடங்கியவர்கள் ருஷ்யரும் அல்லர், எஸ்தோனியரும் அல்லர், டென்மார்க் நாட்டவர். 1346ஆம் ஆண்டு டென்மார்க் அரசர், எஸ்தோனியாவில் தமக்கிருந்த பகுதியை ஜெர்மானிய வீரத்துறவிகளின் சங்கத்திற்கு விலைக்கு விற்றுவிட்டார். மண்ணோடு சேர்த்து மக்களையும் விற்ற காலம் அது. கீழ்க்கரைக் கோட்டையைக் கட்டியவர் மாஸ்கோ வேந்தர் மூன்றாம் இவான். ஆண்டு 1492. கொலம்பஸ் கடல் கடந்த அதே ஆண்டு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். எதிர்க்கரையைக் கண்காணிக்க ஒரே கோடையில் எழுப்பிய அந்தக் கோட்டைக்கு அவர் பெயரே அமைந்தது. இவான்கொரோட் என்றால் இவான் நகர்.

வேந்தன் பெயர் வாய்த்ததே, இனி அந்த ஊருக்கு என்ன குறை என்று நினைக்கத் தோன்றும். நான்கே ஆண்டுகளில், 1496இல், சுவீடன் படை கடல்வழியே வந்து கோட்டையைப் பிடித்தது. வேடிக்கை அதற்குப் பிறகுதான். பிடித்த கோட்டையை வைத்துக்கொள்ள விரும்பாத சுவீடன்காரர்கள், எதிர்க்கரை ஜெர்மானியச் சங்கத்தாரிடம் "நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டனர். அவர்களோ வேண்டாம் என்று கைவிரித்தனர். கொள்வாரில்லாத கோட்டையைக் கொளுத்திவிட்டுப் படை கப்பலேறியது. ருஷ்யர் திரும்பி வந்து முன்னிலும் பெரிதாகக் கட்டினர்.

பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1558இல் ருஷ்யர் ஆற்றைத் தாண்டி நார்வாவையும் பிடித்தனர். 1581இல் இரண்டு கரையும் சுவீடன் கைக்குப் போயின. 1590இல் இவான்கொரோட் மீண்டும் ருஷ்யாவுக்கு வந்தது. 1595இல் தியாவ்சினோ உடன்படிக்கை, நார்வா சுவீடனுக்கு, இவான்கொரோட் ருஷ்யாவுக்கு என்று பிரித்தது. 1612இல் சுவீடன் அதை மறுபடியும் பிடித்தது. 1617ஆம் ஆண்டு ஸ்டோல்போவோ உடன்படிக்கை அதை உறுதிசெய்தது. அதன்பின் இவான்கொரோட் நார்வாவின் ஒரு புறநகராகவே ஆயிற்று. 1700இல் இதே இடத்தில் முதல் பீட்டரின் பெரும்படையைச் சுவீடனின் இளம் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் முறியடித்தார். நான்கு ஆண்டுகள் கழித்துப் பீட்டர் திரும்பி வந்து இரு கரையையும் வென்றார்.

அதன்பின் இரு நூற்றாண்டுக்குமேல் இரு கரையும் ஒரே அரசின்கீழ் இருந்தன. கோட்டைகளுக்கு வேலை இல்லை. ஆலைகளுக்கு வேலை வந்தது. 1857இல் ஆற்றின் நடுவே ஒரு தீவில், அருவியின் விசையைக் கொண்டு இயங்கும் கிரீன்ஹோல்ம் பஞ்சாலை தோன்றியது. காலப்போக்கில் அது உலகின் பெரிய பஞ்சாலைகளுள் ஒன்றாயிற்று. காலரா நோயும் கொடிய வேலை நிலைமையும் வாட்டவே, 1872இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அரசர்களின் போர்களைப் பக்கம் பக்கமாக எழுதும் நூல்கள் இந்த நிகழ்ச்சிக்கு ஒரு பத்தியோடு நின்றுவிடுகின்றன. ஆயினும் அவ்வூர் மக்கள் தங்களுக்காகத் தாங்களே செய்த போர் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இருபதாம் நூற்றாண்டு வந்தது. 1915இல் இவான்கொரோட்டில் ஒரு பெண் பிறந்ததாகக் கற்பனை செய்துகொள்வோம். பிறந்தபோது அவள் ஜார் மன்னரின் குடி. மூன்று வயதில் ஜெர்மன் படையின் ஆட்சி. 1920ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் கையெழுத்தான தார்த்து உடன்படிக்கையின்படி, ஐந்து வயதில் அவள் எஸ்தோனியக் குடியரசின் குடிமகள். ஊரின் பெயரும் மாறி யானிலின் ஆயிற்று. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ருஷ்யரின் இவானும் எஸ்தோனியரின் யானும் வேறல்ல. தமிழ்க் கிறிஸ்தவர்கள் யோவான் என்று அழைக்கும் அதே பெயர்தான். பலகை மாறியது, பொருள் மாறவில்லை.

இருபத்தைந்து வயதில், 1940இல், அவள் சோவியத் குடிமகள். 1941இல் மறுபடியும் ஜெர்மன் ஆட்சி. 1944இல் பிப்ரவரி முதல் ஜூலை வரை போர்முனை இந்த ஆற்றின்மேலேயே நின்றது. நார்வாவின் அழகிய பழைய நகரம் தரைமட்டமாயிற்று. பின்வாங்கிய ஜெர்மானியர் பாலங்களைத் தகர்த்தனர். போர்முனை அங்கிருந்து நகர்ந்ததும் மாஸ்கோவில் ஓர் ஆணை பிறந்தது: கீழ்க்கரை இனி எஸ்தோனியாவைச் சேர்ந்ததன்று, ருஷ்யாவின் லெனின்கிராட் மாநிலத்தைச் சேர்ந்தது. யாரையும் கேட்கவில்லை. இரண்டும் ஒரே சோவியத் ஒன்றியத்திற்குள் இருந்ததால் அந்தக் கோட்டை அன்று எவரும் பெரிதாக எண்ணவுமில்லை. இங்கே வீடு, அங்கே வேலை என்று மக்கள் பாலத்தில் போய்வந்தனர். குடிநீரும் கழிவுநீரும்கூட இரு கரைக்கும் பொதுவாக இருந்தன.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. காகிதத்தில் உறங்கிக்கொண்டிருந்த கோடு எழுந்து நின்றது. நட்புப் பாலத்தின் இரு முனையிலும் சாவடிகள் வந்தன. தண்ணீர்க் கட்டணப் பாக்கி இரண்டு நாடுகளின் தகராறாயிற்று. நம் கற்பனைப் பெண் அப்போது உயிரோடு இருந்திருந்தால் எழுபத்தாறு வயது ஆகியிருக்கும். பிறந்த ஊரைத் தன் ஊர் என்றே வாழ்நாளெல்லாம் சொல்லியிருப்பாள். ஆனால் எத்தனை கொடிகள்! எத்தனை அரசுகள்!

இப்போது நண்பரின் கூற்றுக்கு வருவோம். வரலாறு சொல்லிவிடும் என்றாரே, இங்கே வரலாறு யார் பக்கம் பேசுகிறது? 1492ஐக் காட்டினால் ஊர் ருஷ்யாவுடையது. 1617ஐக் காட்டினால் சுவீடனுடையது. 1920ஐக் காட்டினால் எஸ்தோனியாவுடையது. ஒவ்வொருவர் கையிலும் முத்திரையிட்ட பத்திரம் இருக்கிறது. ஆகவே, "வரலாறு எங்கள் பக்கம்" என்று எவரேனும் முழங்கினால் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, எந்த ஆண்டிலிருந்து எண்ணுகிறீர்கள்?"

இது வெறும் ஏட்டு விவகாரம் அன்று. 2022 ஜூனில், உக்ரைன்மேல் படையெடுத்த சில மாதங்களில், ருஷ்யக் குடியரசுத் தலைவர் புட்டின் முதல் பீட்டரின் போர்களைப் புகழ்ந்து பேசினார். பீட்டர் பிறர் நிலத்தைப் பறிக்கவில்லை, திரும்பப் பெற்றார் என்னும் கருத்துப்பட அவர் பேசியபோது நார்வாவின் பெயரும் வந்தது. எஸ்தோனியா ருஷ்யத் தூதரை அழைத்துக் கண்டனம் தெரிவித்தது. மூன்று நூற்றாண்டுக்கு முந்திய போர் எப்படி நாளைய போருக்குச் சாக்காகக்கூடும் என்பதை எல்லையில் வாழ்வோர் அன்று உணர்ந்திருப்பர்.

மொழியை வைத்து முடிவு செய்யலாமே என்று சிலர் கேட்கலாம். மொழிப்பற்று மிக்க நமக்கு அது இயல்பான கேள்வி. ஆனால் நார்வாவைப் பாருங்கள். போருக்குப் பிறகு பழைய குடிகள் திரும்பிவந்து குடியேற இடம் தரப்படவில்லை. ஆலைகளுக்கு ஒன்றியத்தின் பிற பகுதிகளிலிருந்து ஆட்கள் வந்தனர். இன்று எஸ்தோனியாவைச் சேர்ந்த நார்வாவில் பத்தில் ஒன்பது பேருக்குமேல் ருஷ்ய மொழி பேசுகின்றனர். இரு கரையிலும் ஒரே மொழி. நடுவில் முள்வேலி மனப்பான்மை. மொழியைக் கொண்டு கோடு கிழிப்பதென்றால், மக்களைத் துரத்திவிட்டு வேறு மக்களைக் குடியேற்றியவனுக்கே பரிசு கொடுத்ததாகும். மொழிக்கு உரிமை வேண்டும் என்பது அறம். மொழியைக் காட்டிப் பிறர் நாட்டில் படை நுழைவது அறமன்று. இரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளலாகாது.

அப்படியானால் வரலாற்றை மூட்டைகட்டி வைத்துவிடலாமா? கூடாது. வலியவன் பிடித்ததெல்லாம் அவனுக்கே என்று ஆகிவிடும். என் கருத்து இது: வரலாறு படிப்பது, என்ன நடந்தது, யார் துன்புற்றனர் என்று அறிவதற்காக, எல்லையை முடிவுசெய்ய வேண்டியது இன்று வாழ்வோரின் உடன்பாடு. எஸ்தோனியா இவ்வகையில் ஓரடி முன்வைத்தது என்றே சொல்லவேண்டும். 1920ஆம் ஆண்டின் கோட்டை மீட்கவேண்டும் என்ற கோரிக்கையை விட்டு, இப்போதுள்ள கோட்டையே ஏற்று 2005இல் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஆனால் எஸ்தோனிய நாடாளுமன்றம் ஏற்புத் தீர்மானத்தில் தார்த்து உடன்படிக்கையைக் குறிப்பிட்டது. ருஷ்யா சினந்து தன் கையெழுத்தைத் திரும்பப் பெற்றது. இடத்தைப் பற்றிச் சண்டை இல்லை. பழைய ஆண்டு ஒன்றை முகவுரையில் எழுதலாமா என்பதில் சண்டை! 2014இல் மீண்டும் கையெழுத்திட்டனர். அதுவும் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

2024 பிப்ரவரி முதல் நட்புப் பாலத்தில் வண்டிகள் போவதில்லை. மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நடந்தே கடக்கின்றனர். மே முதல் இரவில் அதுவும் இல்லை. அதே மே மாதத்தில், ஆற்றில் எல்லையைக் காட்ட எஸ்தோனியர் இட்ட மிதவைகளை ருஷ்யக் காவலர் ஓரிரவில் அகற்றினர். அருவியை நம்பி எழுந்த கிரீன்ஹோல்ம் ஆலை 2010இல் நொடித்துப்போயிற்று. அருவியின் நீரையும் 1950களில் கட்டிய மின்நிலையம் திருப்பிக்கொண்டதால், பாறைகளே பெரும்பாலும் வறண்டு கிடக்கின்றன.

விடுதி நண்பருக்கு என் மறுமொழி இதுவே. இவான்கொரோட் யாருடைய ஊர் என்று வரலாற்றைக் கேட்டேன். அது ஒன்றுக்கொன்று முரணான பல விடைகளைத் தந்தது. அவற்றுள் ஒன்றிலும் அவ்வூரில் வாழ்வோரின் குரல் இல்லை. அக்கரையில் இருக்கும் தன் தங்கையைப் பார்க்க இன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் வரிசையில் நிற்கும் ஒரு முதியவளைக் கேட்டால் என்ன சொல்வாள்? அந்த விடையைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அடுத்த முறை விடுதியில் எல்லையைப் பற்றி வாதம் எழும்போது அவளையும் நம் நடுவில் உட்கார வைப்போம்.