ஒரு கோலை வைத்து எடை போடலாமா? - கார்த்தி செல்வம் கணக்கு

கோவில்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கடலைமிட்டாய். அடுத்தது தீப்பெட்டி. உள்ளூர்க்காரரைக் கேட்டால் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்வார்: ஹாக்கி. தெருவுக்குத் தெரு கிரிக்கெட் ஆடும் நாட்டில், ஹாக்கி மட்டையோடு சைக்கிளில் போகும் பையனை யாரும் அதிசயமாகத் திரும்பிப் பார்க்காத ஊர் இது ஒன்றுதான் என்று கொஞ்சம் கூடுதல் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள். (ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்துக்காரர்கள் சண்டைக்கு வரலாம்!)

2022 மே மாதம் அந்தப் பெருமைக்கு உச்சம். ஊரிலேயே ஜூனியர் ஆண்களுக்கான தேசிய ஹாக்கிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. அதே நாட்களில் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. நீண்ட இடைவெளிக்குப் பிறகு இந்திய சீனியர் அணியில் தமிழ்நாட்டுப் பையன்கள், அதுவும் ஒருவரல்ல, இருவர். கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல் நடுக்களத்தில். அரியலூரில் பிறந்து கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் வளர்ந்த கார்த்தி செல்வம் முன்களத்தில்.

மே 23, முதல் ஆட்டம். எதிரே பாகிஸ்தான். முதல் கால்பகுதியிலேயே இந்தியாவுக்கு ஒரு கோல். அடித்தவர் கார்த்தி. சீனியர் அணிக்கு முதல் ஆட்டம், எதிரணி பாகிஸ்தான், வயது இருபது. இதைவிட நல்ல அறிமுகத்தை சினிமாவில்கூட எழுத மாட்டார்கள். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் பாகிஸ்தான் சமன் செய்து 1-1 ஆனது வேறு கதை. அந்தத் தொடரில் இந்தியா ஜப்பானை 1-0 என்று வென்று வெண்கலத்தோடு திரும்பியது.

அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். "அடுத்த தன்ராஜ் பிள்ளை வந்தாச்சு!" இரண்டு வருடம் கழித்து பாரிஸ் ஒலிம்பிக் பட்டியல் வந்தபோது அதே வாய்கள் வேறு தீர்ப்பு சொன்னன: "அந்தப் பையன் அவ்வளவுதான்."

இரண்டு தீர்ப்புமே தப்பு. புதிதாக அணிக்கு வந்த ஒரு முன்கள வீரரை எடை போட வேண்டிய தராசே வேறு. அந்தத் தராசில் கார்த்தியை ஏற்றிப் பார்ப்போம்.

லிஸ்டிங் நாள் விலை

பி.காம். படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான். ஒரு கம்பெனியின் பங்கு சந்தைக்கு வரும் முதல் நாளில் விலை எகிறும். அன்றைய விலை சொல்வது கம்பெனியின் மதிப்பை அல்ல, வாங்க வந்தவர்களின் ஆசையை. மதிப்பு தெரிய வேண்டுமானால் நாலைந்து வருஷ வரவு செலவைப் பார்க்க வேண்டும். அறிமுக ஆட்டத்தின் கோல் என்பது லிஸ்டிங் நாள் விலை.

ஏலத் தொகையும் அப்படித்தான். 2024 அக்டோபரில் ஹாக்கி இந்தியா லீக் மீண்டும் உயிர்பெற்று ஏலம் நடந்தபோது ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சத்துக்குப் போனார். ஒவ்வொரு ஆண்கள் அணியின் கையிலும் இருந்தது 4 கோடி. அதற்குள் 24 பேரைப் பிடிக்க வேண்டும். ஒருவருக்குக் கிடைக்கும் தொகை, அவர் பெயர் எந்த நேரத்தில் வாசிக்கப்பட்டது, அப்போது யார் பையில் எவ்வளவு மிச்சம் என்பதையெல்லாம் பொறுத்தது. கார்த்தி தமிழ்நாடு டிராகன்ஸ் அணிக்குப் போனார். அந்தத் தொகையை வைத்து ஆட்டத்தை அளப்பது, பஸ் டிக்கெட் விலையை வைத்து டிரைவரை அளப்பது மாதிரி.

விங்கர் என்ன வேலை பார்க்கிறார்?

பழைய ஹாக்கியில் விங்கர் என்றால் ஓரக்கோட்டை ஒட்டி ஓடு, பந்தை நடுவுக்கு அனுப்பு, அவ்வளவுதான். 1975 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் வலது ஓரத்தில் ஆடிய தமிழ்நாட்டின் வி.ஜே. பிலிப்ஸ் அந்தக் காலத்தைச் சேர்ந்தவர். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்தரை வந்தது. தொண்ணூறுகளில் ஆஃப்சைடு விதி போனது. எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்றும் ஆனது. இப்போது முன்களத்து ஆள் சில நிமிடங்கள் முழு வேகத்தில் ஓடிவிட்டு வெளியே உட்கார்ந்து மூச்சு வாங்கி மறுபடி உள்ளே போகிறார். இன்று வலது ஓரம், நாளை இடது, நடுவில் கொஞ்சம். தனி நாற்காலி யாருக்கும் கிடையாது.

ஹாக்கி மட்டையில் பந்தைத் தொட அனுமதி ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் என்பதை மறக்கக் கூடாது. அதனால் வலது ஓரத்தில் ஓடுபவருக்குப் பந்தை உள்ளே அனுப்புவது இயல்பாக வரும். இடது ஓரத்தில் ஓடுபவர் உடம்பைத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் மட்டையைக் கவிழ்த்து ரிவர்ஸில் அடிக்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் ஒரே மாதிரி ஆடக் கற்றுக்கொள்ள வருடங்கள் ஆகும்.

இதற்கு மேல் முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. அது பந்து எதிரணியிடம் இருக்கும்போது நடப்பது. எதிரணியின் பின்கள வீரர் நிம்மதியாக நிமிர்ந்து பார்த்துப் பந்தை அனுப்ப முடியாதபடி மறித்து ஓடுவது, எந்தப் பக்கம் வழி விடுவது, எந்தப் பக்கம் அடைப்பது என்பதெல்லாம் முன்களத்தின் பொறுப்பு. டிவியில் இது தெரியாது, ஏனென்றால் கேமரா பந்தின் பின்னாலேயே போகும். பயிற்சியாளரின் லேப்டாப்பில் மட்டும் தெரியும்.

ஆக, தராசில் மூன்று படிகள். ஒன்று, பெரிய அணிகளுக்கு எதிராக வட்டத்துக்குள் என்ன செய்தார்? இரண்டு, வெளியே விடப்பட்ட பிறகு திரும்பி வந்தாரா? மூன்று, பந்து இல்லாதபோது உழைப்பு எப்படி?

ஏட்டைப் புரட்டினால்

முதல் படியில் கார்த்தி நன்றாகவே நிற்கிறார். 2022 நவம்பர் 4, புவனேஸ்வரில் ப்ரோ லீக். நியூசிலாந்தை இந்தியா 7-4 என்று வென்ற ஆட்டத்தில் அவர் அடித்தது இரண்டு. 2023 மார்ச் 12, ரூர்கேலாவில் ஆஸ்திரேலியாவை 5-4 என்று வென்றபோது ஒன்று. மறுநாளே ஜெர்மனியை 6-3 என்று வென்றபோது மறுபடி இரண்டு. அந்த ஜெர்மனி இரண்டு மாதத்துக்கு முன்புதான் உலகக் கோப்பையை வென்றிருந்தது என்பதைக் கவனிக்கவும். மூன்று ஆட்டத்தில் ஐந்து கோல். எதிரே நின்றவர்கள் சப்பையான அணிகள் அல்ல.

இரண்டாவது படிக்கான பதிலும் இதே தேதிகளுக்கு நடுவில் இருக்கிறது. நவம்பரில் இரண்டு கோல் அடித்தவர், 2023 ஜனவரியில் ஒடிசாவில் நடந்த உலகக் கோப்பை அணியில் இல்லை. சொந்த நாட்டில் உலகக் கோப்பை, வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்க வேண்டிய நிலை. இருபத்தொரு வயதில் அது சின்ன அடி இல்லை. மார்ச்சில் கிடைத்த அடுத்த வாய்ப்பில் இரண்டு நாளில் மூன்று கோல். மனசு உடைந்தவன் ஆடுகிற ஆட்டம் அதுவல்ல.

பிறகு 2023 ஆகஸ்ட், சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை. மலேசியாவை 5-0 என்று வென்ற லீக் ஆட்டத்தில் முதல் கோல் கார்த்தியுடையது. ஜப்பானை 5-0 என்று வென்ற அரையிறுதியில் கடைசி கோலும் அவருடையதே. இறுதியில் மலேசியாவை 4-3 என்று வென்று கோப்பை இந்தியாவுக்கு.

அந்த மாதக் கடைசியில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான அணியை அறிவித்தார்கள். கார்த்தி பெயர் இல்லை!

இங்கேதான் நம் ஊரில் பலர் "தமிழன் என்பதால் ஒதுக்கிவிட்டார்கள்" என்று சுலபமாக முடித்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். சென்னை இறுதியில் வெற்றி கோலை அடித்தவர் ஆகாஷ்தீப் சிங், பஞ்சாப்காரர், பல வருட அனுபவசாலி. அவர் பெயரும் அந்தப் பட்டியலில் இல்லை. அபிஷேக்கும் லலித் உபாத்யாயும் உள்ளே வந்தார்கள். ஹாங்சோவில் தங்கம், அடுத்த வருடம் பாரிஸில் வெண்கலம். பாரிஸுக்குப் போன அணியில் 16 பேருக்குத்தான் இடம். முன்களத்தில் ஐந்து பேர்: அபிஷேக், சுக்ஜீத், லலித், மன்தீப், குர்ஜந்த். ஹாங்சோவில் ஆடிய அதே ஐவர்.

பயிற்சியாளர் கிரெய்க் ஃபுல்டனின் வழி, தற்காப்பை முதலில் இறுக்கு, வெற்றி அங்கிருந்து வரும் என்பது. அப்படிப்பட்டவர் முன்களத்து ஆளிடம் முதலில் தேடுவது மூன்றாவது படியைத்தான். கோல் கணக்கு நன்றாக இருந்தும் ஒருவர் வெளியே நிற்கிறார் என்றால், பந்து இல்லாத நேரத்து வேலையில் மற்றவர்கள் ஒரு படி மேலே இருப்பதாகத் தேர்வுக்குழு நினைக்கிறது என்று கொள்வதே நியாயம். இது கசப்பான விஷயம், ஆனால் இதற்கு மருந்து உண்டு. வேகத்தை யாரும் இருபத்திரண்டு வயதுக்கு மேல் கற்றுத்தர முடியாது. மறித்து ஓடுவதைக் கற்றுத்தர முடியும்.

2025-ல் ராஜ்கிர் ஆசியக் கோப்பைக்கு கார்த்தி மாற்று வீரர். அதே வருடம் நவம்பரில் ஈப்போவில் நடந்த சுல்தான் அஸ்லான் ஷா கோப்பைக்கு அணியிலேயே இடம். "அவ்வளவுதான்" என்று தீர்ப்பு எழுதியவர்கள் இதையும் ஏட்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

சுனில் என்ற உதாரணம்

ஜகார்த்தாவில் கார்த்தியோடு அதே முன்களத்தில் ஓடியவர் எஸ்.வி. சுனில். குடகுக்காரர், இந்தியா கண்ட மிக வேகமான விங்கர்களில் ஒருவர். அவர் சீனியர் அணிக்கு வந்தது 2007-ல், சென்னையில் இந்தியா வென்ற ஆசியக் கோப்பையில். மறு வருடம் இந்தியா பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கே தகுதி பெறவில்லை. ஆசியாவின் சிறந்த வீரர் என்ற விருது சுனிலுக்குக் கிடைத்தது 2016-ல். நடுவில் ஒன்பது வருடம்! 2008-ல் யாராவது அவருக்குத் தீர்ப்பு எழுதியிருந்தால் இன்று அதைப் படிக்க வேடிக்கையாக இருக்கும்.

கரிசல் சம்சாரிக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டாம். மானாவாரிக் காட்டில் முதல் மழை விழுந்ததும் விதைப்பானே தவிர, மகசூலை எந்த சம்சாரியும் அன்றைக்கே சொல்ல மாட்டான். அதே மண்ணில் ஹாக்கி பார்க்கிறவர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அவசரம்?

அப்புறம், மாரீஸ்வரன்

சொந்த ஊர்ப் பையனைப் பற்றிப் பேசாமல் முடிப்பது சரியில்லை. ஜகார்த்தாவுக்குப் பிறகு 2023 உலகக் கோப்பை, சென்னை, ஹாங்சோ, பாரிஸ் என எந்தப் பட்டியலிலும் மாரீஸ்வரன் பெயர் இல்லை. நடுக்களத்து ஆளுக்கு லிஸ்டிங் நாள் விலையே கிடையாது. அவர் தடுத்த பந்து தலைப்புச் செய்தி ஆகாது. மன்பிரீத், ஹர்திக் மாதிரி ஆட்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் வரிசை அது. அங்கே இடம் பிடிக்காததைத் தோல்வி என்று சொன்னால் நாட்டில் முக்கால்வாசி ஹாக்கி வீரர்கள் தோற்றவர்கள்தான். ஒரு சின்ன ஊரிலிருந்து இந்திய அணிக்குப் போக முடியும் என்று அடுத்த செட் பையன்களுக்குக் காட்டியதே அவர் கணக்கில் பெரிய வரவு.

ஊரின் பங்கு

கோவில்பட்டியில் விளையாட்டு விடுதி இருக்கிறது. செயற்கைப் புல்தரை இருக்கிறது. லட்சுமி அம்மாள் கோப்பைக்கு நாடெங்கிலுமிருந்து அணிகள் வருகின்றன. கட்டாந்தரையில் ஆடிப் பழகி, செயற்கைத் தரையைப் போட்டியில்தான் முதலில் பார்த்த தலைமுறைக்கு இதில் எதுவும் கிடைக்கவில்லை. ஆக, அடிப்படை வசதி இல்லை என்ற பழைய புலம்பல் இங்கே செல்லாது.

குறைவது ஒன்றுதான்: வருடம் முழுக்கக் கடினமான ஆட்டங்கள். ஒரு கோப்பைக்காக ஒன்றிரண்டு வாரம் ஆடிவிட்டு மிச்ச நாளெல்லாம் தங்களுக்குள்ளேயே ஆடினால் கால் வேகம் வளரும், ஆட்ட அறிவு வளராது. பந்தில்லாதபோது எங்கே ஓட வேண்டும் என்பது தன்னைவிடப் பலமான அணியிடம் அடி வாங்கித்தான் தெரியும். பஞ்சாப், ஒடிசாப் பையன்களுக்கு அது பள்ளி வயதிலேயே கிடைக்கிறது. கார்த்தி விட்ட இடத்துக்கும் பிடித்த இடத்துக்கும் நடுவில் இருப்பது அந்த வித்தியாசம்தான். அதற்கு அவர் மட்டும் பொறுப்பாளி இல்லை.

அதனால் தீர்ப்பு கேட்டால் இப்படிச் சொல்லலாம். கார்த்தி செல்வம் அடுத்த தன்ராஜ் இல்லை. தோற்றுப்போனவரும் இல்லை. உலக சாம்பியனுக்கு எதிராகவே கோல் அடிக்கத் தெரிந்த, வெளியே விட்டாலும் திரும்பி வரத் தெரிந்த, இன்னும் ஒரு பாடம் பாக்கி இருக்கிற முன்கள வீரர். மூன்றில் இரண்டு படி தாண்டியாயிற்று. 2001-ல் பிறந்த ஒருவருக்கு மூன்றாவதைத் தாண்ட நேரம் இருக்கிறது.

அடுத்து கோவில்பட்டியிலிருந்து இன்னொரு பையன் அணிக்குள் போவான், சந்தேகமே வேண்டாம். அன்றைக்கு ப்ளெக்ஸ் வைக்கிறவர்கள் தாராளமாக வைக்கட்டும். அவனுடைய இருபதாவது ஆட்டம் வரை மார்க் மட்டும் போட வேண்டாம். அதுவரை அவனுக்குத் தேவை, கோல் அடிக்காத ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்க்கிற நாலு பேர்.