ஆக்குபேஷனல் தெரபி மேற்படிப்பு: வேலையை விட்டால்தான் படிக்க முடியுமா?

பெரிய ஆஸ்பத்திரி எதிலாவது போய் "ஓ.டி. எங்கே இருக்கு?" என்று கேட்டால், ஆபரேஷன் தியேட்டர் இருக்கும் பக்கம்தான் கை காட்டுவார்கள். அதே இரண்டெழுத்தைத் தங்கள் தொழிலின் பெயராக வைத்திருக்கும் இன்னொரு தரப்பு அதே கட்டடத்தில், பெரும்பாலும் தரைத்தளத்தின் ஒரு மூலையில், வேலை பார்த்துக்கொண்டிருக்கும். அவர்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள். தமிழில் செயல்முறை சிகிச்சை, தொழில்வழிச் சிகிச்சை என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். பெயரே இன்னும் நிலைக்கவில்லை.

பெயர் தெரியாவிட்டாலும் வேலை தெரிந்ததுதான். பக்கவாதம் வந்தவர் மறுபடியும் சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க வேண்டும், சட்டைப் பட்டனை ஒற்றைக் கையால் போட வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தை வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்து பென்சில் பிடிக்க வேண்டும். விரல் துண்டான தொழிலாளி மீண்டும் மெஷினுக்குத் திரும்ப வேண்டும். உயிர் பிழைத்த பிறகு அன்றாட வாழ்க்கையை எப்படி நடத்துவது என்பதைச் சொல்லிக்கொடுப்பதுதான் இந்தத் துறை. பிசியோதெரபி தசையையும் மூட்டையும் இயங்க வைக்கிறது என்றால், அந்த இயக்கத்தை ஒரு டம்ளர் காபி போடுவது வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது ஓ.டி.

இந்தத் தொழிலில் ஐந்து, பத்து வருடம் வேலை பார்த்த ஒருவர் மேலே படிக்க நினைத்தால் என்ன ஆகிறது?

இப்போது உள்ள வழி என்ன?

இளநிலைப் படிப்பின் பெயர் பி.ஓ.டி. நான்கு ஆண்டுப் படிப்பு, ஆறு மாத இன்டர்ன்ஷிப் என நாலரை ஆண்டு என்பதே நீண்ட காலமாக இருந்துவரும் வடிவம். அதற்கு மேல் எம்.ஓ.டி., இரண்டு ஆண்டு. நரம்பியல், குழந்தைகள் நலம், எலும்பு மூட்டு, மனநலம், கை மறுவாழ்வு என்று சிறப்புப் பிரிவுகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளும் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் இந்தத் துறைப் படிப்புகளை நடத்துகின்றன. வெளி மாநிலம் என்றால் மும்பையில் மாநகராட்சி மருத்துவக் கல்லூரிகள், கர்நாடகத்தில் மணிப்பால், மத்திய அரசு நிறுவனங்களில் கொல்கத்தாவின் தேசிய இயக்கக் குறைபாடு நிறுவனம், ஒடிசாவின் கட்டக் அருகே உள்ள சுவாமி விவேகானந்தா நிறுவனம் ஆகியவற்றைத்தான் பலரும் முதலில் பார்ப்பார்கள்.

இவை எல்லாமே முழுநேரப் படிப்பு. இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

தபால் வழியில், ஆன்லைனில் படிக்க முடியாதா?

முடியாது. தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாத படிப்புகள் என்று யு.ஜி.சி. வைத்திருக்கும் பட்டியலில் மருத்துவம், நர்சிங், பிசியோதெரபியோடு ஆக்குபேஷனல் தெரபியும் இருக்கிறது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியல், ஊட்டச்சத்து உள்ளிட்ட மற்ற துணை மருத்துவப் படிப்புகளுக்கும் அதே கதவை யு.ஜி.சி. மூடியது.

இந்தத் தடையில் நியாயம் இருக்கிறது. நோயாளியின் தோளைத் தொட்டுப் பார்க்காமல், குழந்தையோடு தரையில் உட்காராமல் இந்தத் தொழிலை யாரும் கற்றுக்கொள்ள முடியாது. உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பே அடிப்படைப் படிப்புக்குக் குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும் என்கிறது. பணம் கட்டினால் வீட்டுக்குப் பட்டம் வரும் என்ற நிலை இங்கேயும் வந்தால், அதன் விலையைக் கொடுக்கப்போவது நோயாளிதான்.

ஆனால் ஏற்கெனவே தினமும் நோயாளிகளுடன் இருப்பவருக்கும் அதே விதிதான். நோயாளியையே பார்க்காத மாணவரைத் தடுக்கப் போட்ட பூட்டு, நாள் முழுக்க நோயாளிகளைப் பார்ப்பவரையும் சேர்த்தே வெளியே நிறுத்திவிடுகிறது.

இதனால் நடைமுறையில் என்ன நடக்கிறது?

டெல்டா மாவட்டம் ஒன்றில், தனியார் மறுவாழ்வு மையத்தில் எட்டு வருடமாக வேலை பார்க்கும் ஒரு பெண் தெரபிஸ்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வீட்டுக் கடன், ஸ்கூல் போகும் பிள்ளை. எம்.ஓ.டி. படிக்க வேண்டுமென்றால் வேலையை விட வேண்டும், சென்னைக்கோ கோவைக்கோ குடிமாற வேண்டும், இரண்டு வருடம் சம்பளமும் கிடையாது, ஃபீஸும் கட்ட வேண்டும். முதுநிலை டாக்டருக்குக் கிடைப்பது போன்ற உதவித்தொகை பெரும்பாலான இடங்களில் இல்லை. படித்து முடித்துவிட்டு அதே மையத்துக்குத் திரும்பினாலும் சம்பளம் ஏறும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

அவர் என்ன முடிவெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. எம்.ஓ.டி. வகுப்பில் போய் உட்காருவது பெரும்பாலும் இன்டர்ன்ஷிப் முடித்த கையோடு வரும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுக்காரர்கள். படிக்கட்டும், தப்பில்லை. ஆனால் எந்தக் கேள்விக்குப் பதில் தேவை என்று அனுபவத்தில் தெரிந்தவர் வகுப்புக்கு வெளியே நிற்கிறார்.

அப்படி நிற்பவர்களுக்கு மிஞ்சுவது வார இறுதிச் சான்றிதழ் பயிற்சிகள். உணர்வு ஒருங்கிணைப்பு, கை சிகிச்சை, நரம்பு வளர்ச்சி சிகிச்சை என்று தலைப்புகள் ஏராளம். இவற்றில் நல்லவை நிச்சயம் உண்டு. பெயருக்கு நடப்பவையும் உண்டு. எது எது என்று சாதாரணப் பெற்றோரால் பிரித்துப் பார்க்க முடியாது. கிளினிக் சுவரில் தொங்கும் ஏழெட்டு சர்டிஃபிகேட்டைப் பார்த்து நம்பித்தான் குழந்தையை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

தெரபிஸ்ட் மேலே படித்தால் நோயாளிக்கு என்ன லாபம்?

ஒரு சின்ன உதாரணம் போதும். பக்கவாத நோயாளி எவ்வளவு தேறியிருக்கிறார் என்று அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோல்கள் வெளிநாட்டில் உருவானவை. அதில் ஒன்று, குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏற முடிகிறதா என்று கேட்கும். இங்கே எத்தனை வீட்டில் குளியல் தொட்டி இருக்கிறது? இங்கே கேட்க வேண்டியவை வேறு. வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்ற முடிகிறதா? தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழ முடிகிறதா? புடவை கொசுவம் வைக்க முடிகிறதா? இந்தியன் டாய்லெட்டில் குத்துக்காலிட முடிகிறதா?

இந்தக் கேள்விகளைச் சரியான முறையில் அளவுகோலாக்குவது ஆராய்ச்சி வேலை. அந்த வேலைக்கான பயிற்சி கிடைக்கும் இடம் முதுநிலைப் படிப்பு. கல்லூரிகளில் பாடம் நடத்த ஆள் வேண்டும் என்றாலும் முதுநிலைப் பட்டதாரிகள்தான் வேண்டும். மேற்படிப்பு சுருங்கினால் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும் குறைவார்கள்.

தேவை குறையப்போவதும் இல்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சட்டம் அங்கீகரிக்கும் குறைபாடுகளின் எண்ணிக்கையை 7-லிருந்து 21 ஆக்கியது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. உலக அளவில் சுமார் 241 கோடிப் பேருக்கு மறுவாழ்வு சிகிச்சை பயன்தரக்கூடிய உடல்நிலை இருக்கிறது என்று 2020-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிசியோதெரபியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அடுத்த படியாக வர வேண்டியது ஓ.டி.

இந்தத் துறையை இங்கே கட்டியவர்கள் எப்போது படித்தார்கள்?

இந்தியாவில் ஆக்குபேஷனல் தெரபி படிப்பை 1950-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, திருமணமாகி இந்தியா வந்தவர். அவர் ஆக்குபேஷனல் தெரபி படித்ததே நாற்பது வயதுக்கு மேல்தான். 1952-ல் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதன் பத்து நிறுவன உறுப்பு நாடுகளில் இந்தியாவும் ஒன்றாக இருந்ததற்கு அந்தத் தொடக்கமே காரணம்.

வேலூர் கதையும் அப்படித்தான். சி.எம்.சி.யில் இளம் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அதன் பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் எழுந்தது.

இரண்டு பேரும் வாழ்க்கையின் நடுவில் மறுபடி மாணவர் ஆனவர்கள். அன்று அவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு இன்று மாவட்ட மருத்துவமனையில் இருப்பவருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

டாக்டர்களுக்கு மட்டும் எப்படி முடிகிறது?

அரசு டாக்டர்கள் வேலையில் இருந்துகொண்டே மேற்படிப்புக்குப் போக வழி இருக்கிறது. பணியில் உள்ளவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் தனி ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அந்த வழக்கை நடத்தியது தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம். கிராமத்தில் வேலை பார்த்தவருக்குப் படிக்க வாய்ப்புக் கொடுத்தால், படித்தவர் அரசுப் பணிக்கே திரும்புவார் என்பதுதான் அதன் அடிப்படை. அதே தர்க்கம் தெரபிஸ்டுக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

பிரிட்டனில் பணியில் உள்ள தெரபிஸ்டுகள் பகுதிநேரமாக, ஒவ்வொரு பாடமாக முடித்து முதுநிலைப் பட்டம் பெறுகிறார்கள். அமெரிக்காவில் பணியில் உள்ளவர்களுக்கென்றே தனி மேற்படிப்புகள் உண்டு. அங்கெல்லாம் தரம் கெட்டுப்போய்விட்டதாக யாரும் சொல்லவில்லை.

என்ன செய்யலாம்?

இதுவரை 'யாரிடம் கேட்பது' என்றே தெரியாமல் இருந்தது. டெல்லி 1997-லும் மகாராஷ்டிரம் 2002-லும் தனிக் கவுன்சில் சட்டம் கொண்டுவந்தன. நாடு முழுமைக்கும் 2021-ல் வந்தது தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம். ஆக்குபேஷனல் தெரபி அதில் தனி வகையாகவே இடம்பெற்றிருக்கிறது. பாடத்திட்டத்தின் தரம், பதிவேடு எல்லாம் இனி அந்த ஆணையத்தின் பொறுப்பு. ஆகவே கேட்க வேண்டிய கதவு இப்போது இருக்கிறது.

கேட்க வேண்டியது மூன்று. ஒன்று, குறைந்தது சில ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு மூன்று ஆண்டுப் பகுதிநேர எம்.ஓ.டி. மாதம் சில நாள் கல்லூரியில் நேரடி வகுப்பு, மீதி நாள் அவர் வேலை பார்க்கும் இடமே பயிற்சிக் களம், வழிகாட்டி அங்கே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இது தபால் வழிப் படிப்பு ஆகாது. இரண்டு, அரசுத் திட்டங்களில் உள்ளவர்களுக்குப் பணிவழி ஒதுக்கீடு, கூடவே திரும்பி வந்து வேலை பார்க்கும் ஒப்பந்தம். மூன்று, எம்.ஓ.டி. முடித்தவருக்கு அரசு மருத்துவமனையில் தனிப் பணியிடமும் ஊதியமும். இது இல்லாமல் முதல் இரண்டையும் கொடுத்தால், படித்தவர் நேராக விசா எடுக்கத்தான் போவார்.

இப்போதே சேர நினைப்பவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?

புது ஏற்பாடு வரும் வரை காத்திருக்க முடியாதவர்களும் இருப்பார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியவை:

• பட்டம் தரும் பல்கலைக்கழகம் எது, உங்கள் பி.ஓ.டி. கல்லூரி உலகக் கூட்டமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டில் முதலில் கேட்பது இதைத்தான்.

• பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் 'பதிவுக்கு முந்தைய' முதுநிலைப் படிப்பு என்று ஒன்று உண்டு. அது வேறு துறையிலிருந்து வந்து புதிதாகத் தெரபிஸ்ட் ஆகிறவர்களுக்கு. ஏற்கெனவே தெரபிஸ்டாக இருப்பவர் அதில் சேர்ந்தால், தெரிந்ததையே லட்சக்கணக்கில் கட்டி மறுபடி படிக்க வேண்டிவரும். 'பதிவுக்குப் பிந்தைய' படிப்பைத் தேடுங்கள்.

• அமெரிக்காவில் 2007 முதல் இந்தத் தொழிலுக்கான தொடக்கப் படிப்பே முதுநிலை அளவில்தான். அங்கே போகும் எண்ணம் இருந்தால், இங்கே படித்தது எப்படி மதிப்பிடப்படும் என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

• சிறப்புப் பிரிவைவிட முக்கியம் வழிகாட்டி யார் என்பது. முந்தைய மாணவர்கள் இரண்டு பேரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

• 'ஆன்லைன் எம்.ஓ.டி.' என்று விளம்பரம் வந்தால் பணம் கட்டாதீர்கள். அந்த வழிக்கு இங்கே அனுமதியே இல்லை.

பக்கவாதம் வந்தவரிடம் 'முதலில் முழுசாகக் குணமாகு, அப்புறம் வாழ ஆரம்பி' என்று எந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் சொல்வதில்லை. இருக்கிற நிலையிலேயே வேலையைத் தொடர வழி கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் அவர்கள் தொழில். அதே வழியை அவர்களுக்கும் கொஞ்சம் திறந்துவிட வேண்டும். வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லும் படிப்பு, வேலையில் இருப்பவர்களுக்கானது ஆகாது.