ஐஸ்லாந்தைச் சுற்ற வேண்டாம், பாதி வரை போனால் போதும்

நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

செப்டம்பரில் மகள், மாப்பிள்ளையோடு ஐஸ்லாந்தில் ஏழு நாள் வேனிலேயே படுத்து எழுந்து வந்த படங்களைப் போட்டேன் அல்லவா? அன்றிலிருந்து ஐரோப்பாவில் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் கேட்பது ஒரே கேள்வி. "டீச்சர், ஊர்லேர்ந்து அப்பா அம்மா வர்றாங்க. அஞ்சு நாள் லீவு இருக்கு. வேன் எடுத்து ஐஸ்லாந்து முழுக்க ஒரு ரவுண்டு அடிச்சிடலாமா?" தனித்தனியாக எழுதிக் கை வலிக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்கிறேன். அப்பா அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். ரவுண்டு மட்டும் அடிக்காதீர்கள்.

பூகோள டீச்சர் ஆயிற்றே, கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஐஸ்லாந்தின் பரப்பு சுமார் 1,03,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் சின்னது. மக்கள் நாலு லட்சம்கூட இல்லை, சேலம் மாநகரில் பாதிக்கும் குறைவு. தீவைச் சுற்றி ஓடும் ஒன்றாம் எண் சாலை 1,322 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்புகிற தூரத்தைவிடச் சற்றே குறைவு. தார்ச் சாலையில் 90, ஜல்லிச் சாலையில் 80, ஊருக்குள் 50 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. "ஒரு நாளைக்கு 265 கிலோமீட்டர்தானே டீச்சர்?" என்று ஒருவன் வகுத்துக் காட்டினான். வகுத்தல் சரி. ஆனால் முதல் நாளில் பாதி வேனை வாங்குவதில் போய்விடும், கடைசி நாளில் பாதி திருப்பிக் கொடுப்பதில் போய்விடும். பார்க்க வேண்டிய இடங்களோ சாலையோரத்தில் வரிசையாக நிற்பதில்லை. ஒரு வண்டி மட்டும் போகும் ஒற்றைப் பாலங்கள் இன்னும் இருக்கின்றன, எதிரே வருபவருக்கு நின்று வழிவிட வேண்டும். இவையெல்லாம்கூடப் பரவாயில்லை. காற்று என்று ஒன்று இருக்கிறதே!

அங்கே காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்கிறார்கள். "20 மீட்டர்" என்று கேட்டால் நமக்கு ஒன்றும் தோன்றாது. 3.6 ஆல் பெருக்குங்கள், மணிக்கு 72 கிலோமீட்டர். நம் ஊரில் இதற்குப் புயல் சின்னம் என்று கூண்டு ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருப்பார்கள். அங்கே அது செவ்வாய்க்கிழமை. வேன் என்பது உயரமான தகரப் பெட்டி, பக்கவாட்டில் காற்று அடித்தால் சாலையின் அந்த ஓரத்துக்குத் தள்ளிவிடும். எங்களுக்கு வேனை வாடகைக்குத் தந்த பையன் சாவியைக் கொடுக்கும் முன் பத்து நிமிடம் கதவைப் பற்றி மட்டுமே பேசினான். காற்று வரும் திசைக்கு வேனின் மூக்கைத் திருப்பி நிறுத்த வேண்டும். கதவை ஒரு கையால் திறந்து மறு கையால் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் கதவு கீலோடு பிய்ந்து போகும். அந்தச் சேதத்தைச் சாதாரணமாகக் காப்பீடு ஏற்காது, சொந்தக் காசில்தான் கட்ட வேண்டும். ஆகவே படிவத்தில் உள்ள சின்ன எழுத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வானிலைத் துறையினர் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறார்கள். தென்கோடியில் வீக் என்ற சிற்றூரில் ஆரஞ்சு வந்தது. நாங்கள் ஒரு நாள் முழுக்க முகாமைவிட்டு அசையவில்லை. சீட்டாடினோம், ரசம் வைத்தோம், தூங்கினோம். என் வாதமே இந்த ஒரு நாளில்தான் இருக்கிறது. ஐந்து நாளில் முழுச் சுற்று என்று போட்டிருந்தால் அந்த ஆரஞ்சிலும் வண்டியை எடுத்துத்தான் ஆக வேண்டும், ஐந்தாம் நாள் விமானம் காத்திருக்கும். வளையத்தில் பாதியைத் தாண்டிவிட்டால் முன்னால் போவதும் பின்னால் வருவதும் ஒரே தூரம். வந்த வழியே திரும்புகிற பயணத்தில் எந்த இடத்திலும் திரும்பலாம். பின்னால் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சௌகரியம் பெரிது.

இன்னொன்று. அந்த வளையச் சாலையே 1974 இல்தான் முழுதாக மூடியது. தெற்கே வாட்னாயோகுல் என்ற பெரும் பனியாற்றிலிருந்து இறங்கும் மணல்வெளியில் ஆறுகள் நினைத்த இடத்தில் ஓடும், பாலம் கட்ட முடியவில்லை. அதுவரை தென்கிழக்கில் இருந்தவர்கள் தலைநகர் ரேக்யவிக்குக்குச் சாலை வழியே வர வேண்டுமானால் வடக்கே சுற்றிக்கொண்டுதான் வந்தார்கள். 1996 இல் பனிக்கு அடியில் எரிமலை வெடித்து, வெள்ளம் வந்து, பாலத்தை அடித்துக்கொண்டு போனது. முறுக்கிப்போட்ட இரும்பு உத்திரம் இரண்டை இன்றும் சாலையோரம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என் மாப்பிள்ளை அதைக் கடந்து நூறு மீட்டர் போய்விட்டார், நான்தான் திருப்பச் சொன்னேன். பாடப் புத்தகத்தில் பனியாறு, வண்டல், வெள்ளம் என்று முப்பது வருடம் கரும்பலகையில் வரைந்தவளுக்கு நீர்வீழ்ச்சியைவிட அந்தத் துருப்பிடித்த இரும்பு பெரிது.

ஆகவே என் திட்டம்: ரேக்யவிக்கில் தொடங்கித் தென்கரையோடு போய், பனிக்கட்டிகள் மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரி வரை. சுமார் 370 கிலோமீட்டர். அதே வழியில் திரும்புங்கள். இடையிலேயே 60 மீட்டர் உயர ஸ்கோகாஃபோஸ் அருவி, கறுப்பு மணல் கடற்கரை, பனியாறு எல்லாம் வந்துவிடும். போகும்போது மேகம் மறைத்த மலையைத் திரும்பும்போது பார்க்கலாம். வடக்கைப் பார்க்காமல் என்ன ஐஸ்லாந்து என்பவர்கள் பத்து நாள் லீவு போடுங்கள்.

இனி பெற்றோர் விஷயம். வெளிப்படையாக எழுதுகிறேன், மன்னிக்க வேண்டியதில்லை. நம் ஊர்ப் பெண்கள் பயணம் என்றால் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கழிப்பறை எங்கே இருக்குமோ என்ற பயம் ஐம்பது வருடப் பழக்கம். உங்கள் அம்மா "எனக்குத் தாகமே இல்லப்பா" என்றால் நம்பாதீர்கள். கண்ட இடத்தில் வேனை நிறுத்தித் தூங்கவும் அங்கே சட்டம் இடம் தராது. இரவில் முகாம் திடலில்தான் தங்க வேண்டும். அங்கே சுத்தமான கழிப்பறை உண்டு. ஆனால் வேனிலிருந்து ஐம்பதடி, நூறடி தள்ளி இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு, 4 டிகிரி குளிரில், மழைக் காற்றில், 68 வயது அம்மா தனியாக நடக்கக் கூடாது. கழிப்பறைக்குப் பக்கத்திலேயே இடம் பிடியுங்கள், எழுப்பச் சொல்லுங்கள், கூடவே போங்கள். செப்டம்பர் நடுவில் பல திடல்களை மூடிவிடுகிறார்கள், அதையும் முன்பே விசாரியுங்கள். முழங்கால் வலி இருந்தால் வேனே வேண்டாம், காரும் பண்ணைவீட்டு அறையும் போதும். வேனில்தான் படுப்பேன் என்று யாருக்கும் நேர்ந்துகொள்ளவில்லையே!

முன் இருக்கையில் அம்மாவை உட்கார வையுங்கள். பின் சீட்டின் சின்னக் கண்ணாடியில் பாதி மலைதான் தெரியும். உங்களுக்கு வழி காட்டப் போன் இருக்கிறது.

குளியலைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊருக்கு ஊர் பூமிச் சூட்டில் காயும் பொது நீச்சல் குளம் இருக்கிறது, அருமையான சுகம். ஆனால் இறங்கும் முன் பெண்கள் பெண்கள் பகுதியிலும் ஆண்கள் ஆண்கள் பகுதியிலும் உடையில்லாமல் சோப்புப் போட்டுக் குளித்தே ஆக வேண்டும். சில இடங்களில் தடுப்பு உண்டு, பல இடங்களில் இல்லை. குளோரின் குறைவாகக் கலக்கிற குளம், சுத்தமாக இறங்கு என்பது அவர்கள் நியாயம். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அங்கே ஒருவரும் ஒருவரையும் பார்ப்பதில்லை. இருந்தாலும் வாசலில் போய் நின்றுகொண்டு சொன்னால் உங்கள் அம்மா வேனுக்குத் திரும்பிவிடுவார்.

கொஞ்சம் கோபமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். 1783 இல் லாகி எரிமலைப் பிளவு வெடித்து எட்டு மாதம் குழம்பைக் கக்கியது. தொடர்ந்த பஞ்சத்தில் அந்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் மாண்டார். அந்தக் குழம்பு ஆறிய பாறைமேல்தான் இன்று மெத்தைபோலப் பாசி படர்ந்திருக்கிறது. ஒரு காலடித் தடம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும். அதில் ஏறி நின்று ரீல்ஸ் எடுக்கிறார்கள், நம் பிள்ளைகளும்தான். ஃபியாத்ரார்க்ளியூவுர் என்ற பள்ளத்தாக்கில் பாடகர் ஜஸ்டின் பீபர் எடுத்த வீடியோ 2015 இல் வந்தபின் கூட்டம் மிதித்து மிதித்து, 2019 இல் அதையே சிலகாலம் மூடி வைத்தார்கள். ரேனிஸ்ஃபியாரா கடற்கரையில் அலை திடீரென்று ஆளை இழுக்கும், உயிர்கள் போயிருக்கின்றன. எச்சரிக்கைப் பலகைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்து எனக்குப் பழைய விசில் ஞாபகம் வந்தது. அங்கே மீட்கப் போகிறவர்கள் சம்பளக்காரர்கள் அல்லர், தன் வேலையை விட்டுவிட்டு ஓடிவரும் தொண்டர்கள். புத்தாண்டுக்குப் பட்டாசு விற்றுத்தான் அந்த அமைப்பு பெரும்பகுதி நிதி சேர்க்கிறது.

சந்தோஷமான சேதி ஒன்று. அவர்களுக்கும் நம்மைப்போலக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரோடு மகன் என்றால் 'சொன்', மகள் என்றால் 'டோட்டிர்' சேரும். கூப்பிடுவது சொந்தப் பெயரால்தான், ஜனாதிபதியையும்கூட. 1980 இல் மக்கள் வாக்களித்து ஜனாதிபதியான விக்திஸ் ஃபின்போகாடோட்டிர், அப்படித் தேர்வான உலகின் முதல் பெண், முன்பு பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த டீச்சர். இதைப் படித்துவிட்டு யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்க வேண்டாம்.

சாப்பாடு: அரிசி, பருப்புப் பொடி, ரசப்பொடி, ஊறுகாய் போதும். வேனுக்குள் அடுப்புப் பற்றவைத்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், குளிருக்காக மூடாதீர்கள். குழாயில் குளிர்ந்த நீரைத் தாராளமாகக் குடிக்கலாம். வெந்நீரில் கந்தக வாடை அடிக்கும், அதில் சமைக்காதீர்கள். ஸ்கிர் என்று கெட்டித் தயிர்போல விற்கிறது. பழச்சுவை சேர்க்காததாகப் பார்த்து வாங்கி, உப்புப் போட்டுச் சோற்றில் பிசைந்தால் உங்கள் அப்பா முகம் மலரும். விலையை மட்டும் ரூபாயில் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

வேறு கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள். எந்த மாதம், பெற்றோரின் வயது, முழங்கால் எப்படி, இந்த மூன்றையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.