ஒரு ஞாயிறு, இரண்டு அழைப்பு

மோட்டார் சைக்கிள் பைத்தியங்களுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் உண்டு. ஆறு நாள் ஆபீஸுக்கும் வீட்டுக்கும் உழைத்துவிட்டு, ஞாயிறு விடியற்காலையில் சத்தமில்லாமல் வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய் உதைக்கிற கூட்டம் இது. அதனால் ஊர்வலமா, கண்காட்சியா, பந்தயமா - எல்லாம் ஒரே நாளில்தான் வந்து முட்டிக்கொள்ளும்.

ஜாவா, யெஸ்டி வைத்திருப்பவர்களுக்கு அதிலும் ஒரு ஞாயிறு விசேஷம். ஜூலை மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, 2003 முதல் ஜாவா தினமாகக் கொண்டாடப்படுகிறது. 2025ல் அது ஜூலை 13 அன்று வந்தது. எனக்கு இரண்டு அழைப்புகள்.

ஒன்று, நான் வசிக்கும் பெங்களூரில். நூற்றுக்கணக்கான வண்டிகள் அணிவகுக்கும். 1960களின் வண்டிகளுக்குத் தனி வரிசை. அதில் என் வண்டிக்கும் ஓர் இடம். இன்னொன்று மைசூரிலிருந்து. என் வண்டியை இருபது வருடமாகப் பார்த்துவரும் பெரியவர் போன் செய்தார். பழைய சகாக்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வருகிறார்களாம். "நீங்களும் வண்டியோட வாங்க சார்."

பெரியவர் மைசூர் ஐடியல் ஜாவா ஆலையில் வேலை பார்த்தவர். செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா நிறுவனத்திடம் லைசென்ஸ் பெற்று, 1960களின் தொடக்கத்திலிருந்து 250 சிசி வண்டிகளைச் செய்த ஆலை. 1973லிருந்து வண்டியின் பெயர் யெஸ்டி ஆனது. 1996ல் ஆலை மூடப்பட்டது. பெரியவர் தன் வீட்டுத் தாழ்வாரத்தையே ஒர்க் ஷாப் ஆக்கிக்கொண்டார்.

"காலையில இங்கே, மத்தியானம் அங்கேன்னு போயிட்டு வாங்களேன்" என்றாள் மனைவி. சுலபமாகத்தான் தோன்றும். சுமார் 145 கிலோமீட்டர். ஆனால் புது எக்ஸ்பிரஸ்வேயின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் இரு சக்கர வண்டிகளுக்கு அனுமதியில்லை, சர்வீஸ் ரோடுதான். என் வண்டியோ அறுபது வயதுக் கிழவி. நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கவிட வேண்டும். இங்கே முடித்துவிட்டுக் கிளம்பினால், அங்கே எல்லோரும் போன பிறகுதான் போய்ச் சேருவேன்.

பெங்களூர் நண்பரிடம் ஒரு வாரம் முன்பே வரவில்லை என்று சொன்னேன். கோபித்துக்கொண்டார். "பல்லு விழுந்த மாதிரி இருக்கும் சார் வரிசை" என்றார். நியாயமான கோபம்தான். ஆனால் போனை வைக்கும்போது பெரியவர் போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தை என்னை விடவில்லை. "கண்ணு முன்ன மாதிரி இல்ல சார்."

இந்த வண்டியில் கான்டாக்ட் பாயின்ட் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதைக் கண்ணாலேயே அளந்து வைக்கிறவர் அவர்.

ஐந்து மணிக்குக் கிளம்பினேன். ராமநகரம் தாண்டியதும் தூறல். தாழ்வாரத்தில் ஐந்து பேர், உப்புமா, காப்பி. யார் எந்தப் பிரிவில் இருந்தார்கள், யார் இப்போது இல்லை என்பதே பேச்சு. பிறகு பெரியவர் ஸ்குரூ டிரைவரை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நான் திருகுவேன், உதைப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "இல்ல, இன்னும் கொஞ்சம்." நாலாவது தடவை தலையசைத்தார்.

"இனிமே நீங்களே செஞ்சுக்கலாம்."

இரவு வீடு திரும்பியதும் பெங்களூர் படங்களைப் பார்த்தேன். பல் எதுவும் விழவில்லை. என் இடத்தில் வேறொரு வண்டி, என்னுடையதைவிடப் பளபளப்பாக. தாழ்வாரத்தில் நான் இல்லாவிட்டால், அந்த ஸ்குரூ டிரைவரை வாங்கிக்கொள்ள இன்னொருவர் இருந்திருக்க மாட்டார். அடுத்த முறை இரண்டு அழைப்பு வந்தால், எந்தக் கூட்டம் பெரிது என்று பார்ப்பதாக இல்லை. நான் போகாவிட்டால் எங்கே தெரியும் என்றுதான் பார்ப்பேன்.